பத்தாவது வீட்டுப் பால்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எனக்குக் கிடைத்தது எலியே வேண்டாமென்று விட்டுப்போன வளை. அதைப் பற்றி எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.

உத்திரமேரூர் பஸ் நிலையத்தைத் தாண்டி ரோட்டோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு மேடு வரும். ஏரித் தண்ணீர் ஏறாத மேடு. நெல் விளையாது, மல்லாட்டைதான், அதாவது வேர்க்கடலைதான் போடுவார்கள். ஐம்பதுகளின் கடைசியில் அந்தப் புன்செய்க் கொல்லையின் சொந்தக்காரர் அதை மனைகளாகப் பிரித்து விற்றார். நடுவே ஒரே ஒரு தெரு. அது நேராக வந்து கடைசி மனையின் நெற்றியில் முட்டும். தெருக்குத்து என்று அதற்குப் பெயர். அப்படிப்பட்ட மனையில் வீடு கட்டினால் குடும்பம் தழைக்காது என்று ஊரில் எல்லாருக்கும் நம்பிக்கை. மற்ற மனையெல்லாம் விலை போன பிறகும் அது மட்டும் கள்ளி முளைத்துக் கிடந்தது.

அதனால்தான் எனக்குக் கொடுத்தார்கள். நான் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த சேரியில் பிறந்தவள். கிறிஸ்தவக் குடும்பம். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டும் களை பறித்தும் என்னை டீச்சர் டிரெயினிங் வரை படிக்க வைத்தார்கள். பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஓட்டினார். நல்ல மனை எதையாவது கேட்டிருந்தால், "அது பேசி முடிச்சாச்சேம்மா" என்று தலையைச் சொறிந்திருப்பார்கள். கள்ளி முளைத்த மனையைக் கேட்டதும் நிலக்காரருக்கு வாயெல்லாம் பல். தெரு வந்து முட்டினால் முட்டட்டும், நாங்கள் வாங்காத முட்டா என்று வாங்கிப் போட்டேன். பத்திரம் என் பேரில்.

அந்த மேட்டில் ஒரு வீட்டுக்காரர்கள் சங்கம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஆண்டு விழாவில் ஆளாளுக்கு மேடையேறி அதன் வரலாற்றைச் சொல்கிறார்கள். "உத்திரமேரூர்க்காரன் ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே குடவோலை போட்டவன். சங்கம் நடத்துறது நம்ம ரத்தத்துலயே கீது" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், கைதட்டல் விழும். எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் சங்கத்தில் ஓலையும் இல்லை, குடமும் இல்லை. ஒரு தவலைப் பால்தான் இருந்தது. அந்தப் பாலைப் பற்றி மட்டும் மேடையில் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. எனக்கு வாய் இருக்கிறது, நான் சொல்கிறேன்.

சங்கம் தோன்றக் காரணம் ஓர் ஏர். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் மேட்டில் முதல் வீட்டைக் கட்டினார். பிற்பாடு சங்கத் தலைவரும் அவர்தான். அவர் வீட்டுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது நல்ல மழை பெய்தது. மண் ஈரமானதைப் பார்த்ததும் நிலக்காரருக்குக் கை அரித்திருக்கிறது. விற்ற மனை, விற்காத மனை, தெரு என்று எதையும் பார்க்காமல் ஏர் ஓட்டி மல்லாட்டை விதைத்துவிட்டார். ஆமாம், தெருவிலும்தான். கேட்டதற்கு, "நீங்கள்லாம் வூடு கட்டி முடிக்கங்காட்டியும் ஒரு போகம் எடுத்துக்கறேனே. எடம் சும்மாதானே கீது?" என்றாராம். செங்கல் வண்டி மேட்டில் ஏற வழியில்லை. தலைச்சுமையாகக் கொண்டுவந்தால், செடியை மிதித்துவிட்டாய் என்று நிலக்காரரின் ஆள் சண்டைக்கு வருவான்.

தலைமை எழுத்தர் தனியாகப் போய்க் கேட்டார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, இரண்டாவது மனையில் அஸ்திவாரம் போட்டிருந்த அரிசி மில் கணக்குப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். "ஓகோ, ரெண்டு பேரும் சேந்துகினீங்களா?" என்று கேட்டுவிட்டு, நிலக்காரர் மறுநாளே தெருவில் இருந்த செடியைப் பிடுங்கச் சொன்னார். தனியாகப் போனால் மனு, சேர்ந்து போனால் சங்கம் என்று தலைவர் இதை என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமை அவருக்கு நியாயமாகச் சேரவேண்டியதுதான்.

பால் எப்படி வந்தது என்றால், அதுவும் மல்லாட்டையால்தான். முதல் வீட்டில் பால் காய்ச்சவேண்டிய அன்று பால்காரர் வரவில்லை. செடிக்குள் பாம்பு கிடக்கிறது என்று மேட்டடியிலேயே திரும்பிவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கணக்குப்பிள்ளைதான் தன் வாடகை வீட்டுக்கு ஓடி ஒரு சொம்புப் பால் கொண்டுவந்து மானத்தைக் காப்பாற்றினார். அவர் வீடு கட்டி முடித்தபோது தலைவர் வீட்டிலிருந்து பால் போயிற்று. மூன்றாவது வீட்டுக்கு இரண்டு வீட்டுப் பால். அப்படியே வழக்கமாகிவிட்டது. புது வீட்டு அடுப்பில் புதுத் தவலையை வைத்து, மேட்டில் இருக்கிற எல்லா வீட்டுப் பாலையும் அதில் ஊற்றுவார்கள். பொங்கியதும் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து ஆளுக்கொரு தம்ளர் குடிப்பார்கள். குடித்துவிட்டால் அந்த வீடு சங்கத்தில் சேர்ந்தாயிற்று. அடுத்து வருகிற வீட்டுக்கு அவர்களும் பால் கொண்டுபோவார்கள்.

நல்ல வழக்கம். யோசித்து யோசித்துச் செய்திருந்தாலும் இவ்வளவு அழகாக வந்திருக்காது. ஒன்பது வீடுகள் இப்படித்தான் சேர்ந்தன. பத்தாவது எங்களுடையது.

வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்! கொத்தனார் முதற்கொண்டு தெருக்குத்து என்று பயந்து ஓடப் பார்த்தார். ஒருவழியாகக் கட்டி முடித்தோம். தை மாதத்தில் ஒரு நாள் பார்த்து, ஒன்பது வீட்டுக்கும் நானே போய் வெற்றிலைபாக்குத் தட்டை நீட்டினேன். ஒருத்தரும் முடியாது என்று சொல்லவில்லை. "வெச்சிட்டுப் போங்க டீச்சர்" என்றார்கள், அவ்வளவுதான். தட்டைக் கையில் வாங்கியவர் ஒருவரும் இல்லை. தலைவர் வீட்டம்மா வாசற்படியில் நின்றபடியே தலையை ஆட்டினார். தெருவில் எதிரே வந்தால் நான்கு முழம் தள்ளி நடக்கிறவர் அவர். தன் வீட்டுப் பசுவைப் பற்றி மட்டும் நாளெல்லாம் பேசுவார்.

எங்கள் சனத்திலும் புது வீடென்றால் அடுப்பில் முதலில் பொங்குவது பாலாகத்தான் இருக்கவேண்டும். போதகர் வந்தார், ஜெபம் செய்தார். சேரியிலிருந்து சொந்தபந்தம் எல்லாம் வந்தது. புதுத் தவலையைத் துலக்கி, சந்தனம் தொட்டு அடுப்பில் வைத்திருந்தேன். தெருக்காரர்கள் வரவில்லை. ஒரு வீடு, ஒரு சொம்பு, ஒரு ஆள் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று.

"பரவால்ல வுடும்மே. நம்மளே காச்சிக்கலாம். நம்ம வூட்லயும் பால் கீதே" என்றார் என் வீட்டுக்காரர். சாதுவான மனுஷன். பஸ்ஸுக்குக் குறுக்கே கோழி வந்தால்கூட வண்டியை நிறுத்தி அது போகட்டும் என்று காத்திருப்பார்.

"தெரு வந்து பால் ஊத்தாம இந்த அடுப்புல ஒண்ணும் வேவாது" என்றேன்.

"அப்ப சோறு?"

"பின்னால பொங்கறேன்."

அவர் நான் ஏதோ கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தார். எனக்கே அப்படித்தான் இருந்திருக்கலாம். ஆனால் மறுநாளும் வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டித்தான் சமைத்தேன், அதற்கு மறுநாளும். வைகாசி வெயிலில் அங்கேதான். பிறகு மேலே நான்கு ஓலை கட்டிக்கொண்டேன். ஐப்பசி மழையில் ஓலை ஒழுகியது. உள்ளே பூசி மெழுகிய அடுப்பு கரி படாமல் புத்தம்புதிதாக இருக்கும். நான் வெளியே ஈர விறகை ஊதிக்கொண்டிருப்பேன்.

"ஊர்ல எவளாச்சும் வூட்டுக்குள்ள அடுப்ப வெச்சிக்கினு வெளிய நனைவாளா?" என்பார் அவர்.

"நனையறது நான்தானே? உங்க சோறா நனையுது?"

"அதான் நனையுதே!" என்று தட்டைக் காட்டுவார். சாம்பாரில் மழைத்தண்ணீர் நிற்கும். இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். ஆனால் எல்லா நாளும் சிரிப்பு வரவில்லை. சில நாள் ஊதாங்குழலை வீசிவிட்டு அழுதிருக்கிறேன். அவமானத்தில் இல்லை, ஆத்திரத்தில். அவர்கள் வரவேண்டும், உட்காரவேண்டும், என் வீட்டில் குடிக்கவேண்டும். அதற்குக் குறைந்த எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் கரெண்ட் வந்தது. எங்களுக்கு இல்லை, ஊருக்கு. பஸ் நிலையம் வரை கம்பம் நட்டு விளக்குப் போட்டார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் கீழே வெளிச்சம் தெரியும், எங்கள் தெரு இருட்டில் கிடக்கும். தலைவர் போய்க் கேட்டதற்கு, பத்து வீடு சேர்ந்து சங்கத்தின் பேரில் மனுக் கொடுத்தால் மேட்டுக்குக் கம்பி இழுக்கலாம் என்று மின்சார ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஒன்பது வீடுதான் சங்கத்தில். மற்ற மனைக்காரர்கள் இன்னும் கட்டவே ஆரம்பிக்கவில்லை.

தலைவர் எங்கள் வாசலுக்கு வந்தார். வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றார்.

"டீச்சரம்மா, ஒரு கையெழுத்து வேணுமே. பொதுக்காரியம்."

"போடலாம் சார். ஆனா சங்கத்து மனுவுல சங்கத்துல இல்லாதவ கையெழுத்துப் போட்டா செல்லுமா? தாலுகா ஆபீஸ்ல இருந்தவரு, நீங்களே சொல்லுங்க."

அவர் சிரித்தார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். "அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிடுவோம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வந்துடுங்க" என்று போய்விட்டார்.

கூட்டம் தெரு நடுவில் இருந்த வேப்பமரத்தடியில் நடந்தது. உட்கார யார் வீட்டு நாற்காலியும் எனக்கு வராது என்று தெரியும். எங்கள் வீட்டிலிருந்தே இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனோம். ஆண்கள் மரத்தடியில் இருந்தார்கள், பெண்கள் அவரவர் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் ஒருத்திதான் பெண்.

தலைவர் எழுந்து நின்று பேசினார். அழகான பேச்சு. "காலம் மாறிப் போச்சு. பால் காச்சறது, அது இதுன்னு பழைய பழக்கத்த வெச்சிக்கினு ஒரு சங்கத்த நடத்தலாமா? எல்லா மதத்துக்காரரும் வருவாங்க. அவங்க அவங்களுக்கு ஒரு முறை இருக்கும். அதனால இனிமே மாசச் சந்தா வெப்போம். சந்தா கட்டினவங்க எல்லாரும் அங்கத்தினர். பாலெல்லாம் வேணாம். டீச்சரம்மா மாதிரி படிச்சவங்க இத வரவேற்பாங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், மழையில் நனையாத சோறு அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. நேரடியாக வராதே என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

எழுந்தேன். "ஒம்போது வூடு பால் குடிச்சி சேந்துச்சி. பத்தாவது வூடு வந்ததும் காலம் மாறிப் போச்சா சார்?"

"அப்படி இல்லம்மா..."

"சந்தா எவ்ளோ வேணா வைங்க. கட்டறேன். ஆனா பாலுக்குப் பதிலா கட்டமாட்டேன். எங்க வூட்ல பால் பொங்கட்டும், நீங்க வந்து குடிங்க, அப்பறம் கட்டறேன். கையெழுத்தும் அப்பறம்தான்."

கணக்குப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. அவர் எப்போதும் கொஞ்சம் படபடப்பானவர். "இன்னா டீச்சர் இது பேஜாரா கீது! ஒரு தம்ளர் பாலுக்காக மேட்டையே இருட்டுல வெக்கிறீங்களே!"

"ஒரு தம்ளர் பாலுக்காக இருட்டுல உக்காந்துகினு இருக்கறது நானா, நீங்களா?" என்றேன்.

வாசல்களில் நின்ற பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கூட்டம் அதோடு கலைந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு நாற்காலியையும் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே தலைவர் வீட்டுச் சமையலறையில் நல்லபாம்பு நுழைந்தது. சாயங்கால இருட்டில் வீட்டம்மா அதன் பக்கத்திலேயே காலை வைத்துவிட்டார். அவர் போட்ட சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. மறுநாள் தலைவர் வந்தார். இந்தத் தடவை வெளிக்கதவைத் திறந்து உள்ளே வந்து நின்றார். "வர்ற வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்கு. பாலக் காச்சிடுவோம்" என்றார். பாம்புக்கு நன்றி சொல்லவா, கர்த்தருக்குச் சொல்லவா என்று தெரியாமல் இரண்டுக்கும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்பது வீட்டாரும் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் புருஷன், பெண்டாட்டி, கையில் ஒரு பித்தளைச் சொம்பு. உள்ளே வருகிறபோது சுவரில் படாமல் வந்தார்கள். அதையும் பார்த்தேன், பார்க்காதது போலவும் இருந்தேன். பாலில் ஒரு வசதி அவர்களுக்கு இருந்தது. அது அவர்கள் வீட்டுப் பால்தானே? எங்கள் வீட்டில் சூடாகிறது, அவ்வளவுதான். நின்றபடியே ஒரு வாய் குடித்துவிட்டுப் போய்விடலாம். அவர்கள் மனத்தில் அந்தச் சமாதானம் ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓடட்டும் என்று இருந்தேன்.

தலைவர் வீட்டம்மா முதலில் ஊற்றினார். அடுத்தடுத்து எல்லாரும் ஊற்றினார்கள். கணக்குப்பிள்ளை கடைசியாக, கொஞ்சம் அவசரமாக ஊற்றினார். நான் எங்கள் பாலை ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்தேன். அந்த அடுப்பில் முதல் நெருப்பு. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தவலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவி வந்தது. ஓரத்தில் நுரை கட்டியது. பிறகு பொங்கவில்லை. நடுவில் கட்டி கட்டியாகப் பிரிந்து, வெளிர்ப்பச்சைத் தண்ணீர் தனியாக நின்றது. பால் திரிந்துவிட்டது.

புது வீட்டில் பால் திரிந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. கணக்குப்பிள்ளைதான் முதலில் வாய் திறந்தார். "ஐயையோ! சகுனம் சரியில்லியே. தெருக்குத்து வூடு வேற. இன்னொரு நாள் பாத்துக்கலாம், எல்லாரும் கெளம்புங்க" என்று வாசல் பக்கம் திரும்பினார். தலைவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை துடிக்கும்.

ஆனால் ஒன்றைக் கணக்குப்பிள்ளை மறந்துவிட்டார். ஒன்பது வீட்டுப் பாலும் ஒரே தவலையில் கலந்திருக்கிறது. திரிந்தது யார் பால்? சகுனத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, அந்தக் கேள்விதான் பெண்கள் முகத்தில் ஏறியது. தலைவர் வீட்டம்மாவுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்துவிட்டது.

"எங்க மாட்டுப் பால் திரியாது. காலைல கறந்து நானே கையால எடுத்தாந்தேன். மோந்து பாருங்க!" என்று காலிச் சொம்பைப் பக்கத்து வீட்டம்மாவின் மூக்கில் நீட்டினார். அவர் முகர்ந்துவிட்டுத் தன் சொம்பை நீட்டினார். ஆளுக்கு ஆள் சொம்பை முகர ஆரம்பித்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளை தன் சொம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவர் பெண்டாட்டி அதைப் பிடுங்கி மூக்கில் வைத்தார்.

"இன்னாங்க இது? எலுமிச்சம்பழ வாசன அடிக்குது!"

"அது... பித்தத்துக்கு நல்லதுன்னு..."

"ஊறுகாய்க்கு வெச்சிருந்த பழத்துல ஒண்ணு காணோம்னு காலைலேர்ந்து தேடிக்கினு கீறேன்! நான் நல்ல பாலத்தானே குடுத்தேன்? வழியில இன்னாய்யா பண்ண?" பட்டென்று அந்த அம்மாள் அழுதுவிட்டார். எல்லார் முன்னாலும் தன் வீட்டுப் பால் கெட்ட பால் ஆகிவிட்டதே என்ற அழுகை அது.

எனக்கு அந்தத் தவலையைத் தூக்கிக் கணக்குப்பிள்ளை தலையில் கவிழ்க்கவேண்டும் போலிருந்தது. துணியைச் சுற்றித் தவலையின் விளிம்பைப் பிடித்தேவிட்டேன். அப்போதுதான் உள்ளே பார்த்தேன். வெள்ளை வெளேரென்று கட்டிகள். எனக்கு அது புதிதில்லை. நல்ல பால் எங்கள் வீட்டுக்கு வந்ததே கிடையாது. கழனிக்காரர் வீட்டில் பால் திரிந்துபோனால், "எடுத்துக்கினு போம்மா" என்று என் அம்மாவைக் கூப்பிட்டு ஊற்றுவார்கள். வெல்லத்தைத் தட்டிப் போட்டுக் கிளறித் தருவாள். திரிந்த பாலைத் தின்று வளர்ந்தவளிடம் போய்ப் பாலைத் திரித்துக் காட்டினால் எப்படி?

"யாரும் போகாதீங்க. உக்காருங்க" என்றேன். "பால் திரிஞ்சா இன்னா? வெல்லம் போட்டாத் திரட்டுப்பால். கொஞ்ச நேரம் ஆவும்."

தண்ணீரை வடித்து வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். தலைவர் தொண்டையைக் கனைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இது இனிமேல் அவர்கள் வீட்டுப் பால் இல்லை. என் அடுப்பில், என் கையால், என் கரண்டி போட்டுக் கிளறின பண்டம். இதை நின்றபடி ஒரு வாய் விழுங்கிவிட்டு ஓடவும் முடியாது. எழுந்து போகலாம்தான். ஆனால் எலுமிச்சம்பழ வாசனை வீடு முழுக்க இருக்கும்போது, யார் எழுந்து போனாலும் எதற்காகப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

தலைவர் வீட்டம்மா கணக்குப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் விரித்திருந்த பாயில் நடுவில் உட்கார்ந்தார்.

"ஏலக்கா வெச்சிகினு கீறியா டீச்சர்? இல்லன்னா எங்க வூட்லேர்ந்து எடுத்தாரச் சொல்றேன்."

"கீதும்மா" என்றேன்.

அவர் உட்கார்ந்த பிறகு ஒருத்தர் பின் ஒருத்தராகப் பாய் நிறைந்தது. வாழை இலையைக் கிழித்து ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தேன். தலைவர் வீட்டம்மா விரலால் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி யோசித்து, "வெல்லம் கொஞ்சம் தூக்கல்" என்றார். அடுப்புப் புகை என்று சாக்குச் சொல்லமாட்டேன், அழுதேன். வெல்லம் தூக்கல் என்று ஒரு தெருக்காரி என் சமையலில் குறை கண்டுபிடித்ததற்கு அழுதேன். கணக்குப்பிள்ளைக்கு அவர் பெண்டாட்டியே கையில் திணித்தார். அவரும் தின்றார்.

அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். கம்பம் வந்தது, விளக்கு எரிந்தது. பிறகு சங்கம் மளமளவென்று வளர்ந்தது. தெருவுக்குச் செம்மண் அடித்தோம், மழைத்தண்ணீர் வடியக் கால்வாய் வெட்டினோம், பஞ்சாயத்தில் மல்லுக்கட்டிச் சிறுபாலம் வாங்கினோம். சந்தாவும் வைத்தோம். அதைப் பிரிப்பது என் வேலை. ஒருத்தரும் பாக்கி வைத்ததில்லை, என் வாய்க்குப் பயந்து.

ஆனாலும் மனத்தில் ஒரு முள் இருந்தது. எங்கள் வீட்டில் அவர்கள் சாப்பிட்டார்கள், சரி. விளக்குக்காகச் சாப்பிட்டார்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நான் பால் கொண்டுபோகிற நாள் வரட்டும், அப்போது தெரியும் என்று காத்திருந்தேன். என் பால் அடுத்த வீட்டுத் தவலையில் விழாத வரைக்கும் நான் சங்கத்தில் பாதிதான்.

பதினோராவது வீடு அடுத்த ஆண்டு வந்தது. காவாந்தண்டலம் பக்கத்தில் நிறைய நிலம் உள்ள குடும்பம். பிள்ளைகள் படிப்புக்காக இங்கே மாடி வைத்துக் கட்டினார்கள். மேட்டிலேயே பெரிய வீடு. பால் காய்ச்சும் நாளில் பத்து வீட்டாரும் சொம்போடு போனோம். என் சொம்பை நான் அன்று காலையில் இரண்டு முறை துலக்கியிருந்தேன்.

சமையலறை வாசலில் வரிசையாக நின்றோம். கணக்குப்பிள்ளை எல்லாருக்கும் முன்னால் தவலையருகே, அப்புறம் தலைவரும் அவர் வீட்டம்மாவும். நான் கடைசி. புது வீட்டின் சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் கை கொஞ்சம் இறங்கியது. நான் யார் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்:

"டீச்சரம்மா, நீங்க அந்தச் சொம்ப அப்படி ஓரமா வெச்சிடுங்க. நாங்க அப்பறமா எடுத்துக்கறோம்."

என்னிடமிருந்து அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவேண்டியதில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டு முடித்தாயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன், ஏனென்றால் இதை நான் பேசி வாங்கினால் அதற்கு விலையில்லை. என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தலைவர், "அது வந்துங்க..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டார்.

கணக்குப்பிள்ளை தவலைக்கு மேல் சாய்த்திருந்த தன் சொம்பை நிமிர்த்தினார். ஒரு சொட்டு விழவில்லை. புது வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"அதெல்லாம் வேலைக்கி ஆவாது சார்" என்றார். "நான் பண்ணிப் பாத்துட்டேன்."

புது வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைவர் வீட்டம்மா சிரித்துவிட்டார். கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. சுவரோரம் நகர்ந்து வழி விட்டார்.

"டீச்சர் மொதல்ல ஊத்தட்டும். அப்பறம் நாங்க ஊத்தறோம். இல்லன்னா பத்து சொம்பும் வந்த வழியே திரும்பும்."

மற்றவர்களும் நகர்ந்தார்கள். தவலை வரைக்கும் வழி இருந்தது. நான் போய் ஊற்றினேன். அதன் மேல் ஒன்பது வீட்டுப் பாலும் விழுந்தது.